நீலம் வந்த பக்கம்

இறாலின் தலையைக் கிள்ளக் கத்தி தேவையில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். குருநகரில் வள்ளமும் வலையும் வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியாரின் மீன்வாடிக்குள், விடிந்தும் விடியாமலும் பெண்கள் ஐஸ் குவியலைச் சுற்றிக் குந்தியிருந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சண்டையால் பெருங்கடலுக்குப் போகத் தடை வந்த நாள் முதல் ஆழமில்லாத களக்கடல் இறால்தான் அந்த ஊருக்குச் சோறு. ஐஸில் விரல் மரத்துப்போகும். முள் ஏறினாலும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் புளி கரைக்கும்போதுதான் எரியும். வாய் மட்டும் ஒருத்திக்கும் மரத்ததில்லை.

கத்தரீனாவின் கை அந்தக் கூட்டத்தில் மிக வேகமான கை. அன்றைக்கு அது தடுமாறியது. அடிவயிற்றில் யாரோ ஈரத் துணியை முறுக்குவதுபோல் ஒரு முறுக்கு வந்தது. அவள் கிள்ளிய இறாலைக் கீழே போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்திலிருந்த மக்டலீன் நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, கலண்டர் கிழிஞ்சிட்டுதோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மாதம் பிறந்ததை அறியக் கத்தரீனா எழும்பிப் போவதைப் பார்த்தால் போதும் என்பது வாடியில் பழைய பகிடி. மற்றப் பெண்களுக்கும் மாதத் துடக்கு வரும், அவர்களும் இரண்டொரு நாள் வராமல் நிற்பார்கள். துடக்கோடு ஒரு பெண் வலையைக் கடந்தால் அந்த வலையில் மீன் படாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே கத்தரீனா கடற்கரைப் பாதையை விட்டு, கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

வீட்டிலே அவள் பாயில் சுருண்டு கிடந்த கிடையைப் பார்த்தால் கல்லும் இரங்கும், மாமியார் லூர்த்தம்மா இரங்கமாட்டாள். கெட்ட மனுசியும் இல்லை. வயிற்றில் துணியை அமத்திக்கொண்டு மருமகள் வாந்தியெடுக்கும்போது பெருங்காயமும் உள்ளியும் இடித்துக் கரைத்துக் கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுச் சொல்லுவாள்.

"உலகத்திலை இல்லாத நோ. நான் ஏழு பெத்தனான். ஒருநாள் கத்தினதை ஆரும் கேட்டிருப்பினமோ?"

ஏழு பெற்றவளின் மூத்த மகன் கனிசியஸுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அதற்கு மடுமாதாவுக்கு நேர்த்தி, அந்தோனியாருக்கு மெழுகுதிரி. வயிற்று நோவுக்குப் பெருங்காயம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கத்தரீனாவுக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகாமல் இல்லை. எத்தனையோ தரம் போயிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் நோ நின்று, துடக்குக் கழிந்து, தலைக்குத் தோய்ந்து, பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு போவாள். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்து, "இப்ப நோகுதோ?" என்று கேட்பார். "இல்லை" என்பாள். இன்னொரு இடத்தில் அமத்துவார். அங்கேயும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. அந்த நாளில் மெய்யாகவே ஒரு நோவும் இல்லை. "உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, யோசியாமல் போம்" என்று குளிசை கொடுத்து அனுப்புவார்கள். ஒன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரி பார்த்ததெல்லாம் சுகமாயிருந்த கத்தரீனாவைத்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு பிறந்த கையோடு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஞானாம்பிகை என்ற பெண் டொக்டர் அங்கே பொறுப்பெடுத்தார். கத்தரீனா வழக்கம்போலத் தோய்ந்த தலையோடு போய் முன்னால் நின்றாள். டொக்டர் வயிற்றை அமத்தவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எப்ப நோகும்?"

கத்தரீனா நிலத்தைப் பார்த்தாள். "அது... சுகமில்லாத நாளிலை."

"அப்ப ஏன் இண்டைக்கு வந்தனீர்?"

"துடக்கோடை எப்பிடி டொக்டர் ஆஸ்பத்திரிக்கு வாறது?" இதைக்கூடத் தெரியாமல் என்ன படிப்புப் படித்தார் என்ற ஆச்சரியம் அவள் குரலில் இருந்தது.

டொக்டர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "வீடு எரியேக்கை கூப்பிடாமல் எல்லாம் அணைஞ்ச பிறகு கூப்பிட்டுக் காட்டுறீரே, பிள்ளை" என்றார். "அடுத்த முறை நோகிற அண்டைக்கு வாரும். தோயவும் வேண்டாம், உடுப்பு மாத்தவும் வேண்டாம். கிடந்த கோலத்திலை எழும்பி வாரும்."

அடுத்த மாதம் நோ வந்தபோது கனிசியஸ் சைக்கிளை எடுத்தான். லூர்த்தம்மா வாசலில் குறுக்கே நின்று, "துடக்கோடை ஊர்வலம் போறியளோ? சந்தியிலை நிண்டு ஆக்கள் சிரிக்கப்போகுதுகள்" என்று கத்தினாள். பின்பக்க ஒழுங்கையில் வெள்ளம் நின்றதால் கடற்கரைப் பாதையால்தான் போகவேண்டியிருந்தது. பாதை நீளத்துக்கு வலை காய்ந்தது. சுற்றிவரப் பெண்களும் ஆண்களும் இருந்தார்கள். கனிசியஸ் சைக்கிளை நிறுத்தி, குனிந்து, வலையின் ஓரத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வழி விட்டான். கத்தரீனா வயிற்றைப் பிடித்தபடி அதன் கீழால் நடந்தாள். கலியாண நாளில்கூட அவன்மேல் அவளுக்கு அப்படி ஓர் அன்பு வந்ததில்லை.

டொக்டர் கையுறை போட்டு உள்ளால் சோதித்தார். ஓர் இடத்தில் விரல் பட்டதுதான் தாமதம், கத்தரீனா போட்ட சத்தத்தில் தாதி ஓடிவந்தாள்.

"இதுதான்!" என்றார் டொக்டர். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒன்பது வருசமா நீர் சொல்ல நினைச்சது இதைத்தான்." பிறகு அவள் எழுந்து உட்காரும்வரை பொறுத்திருந்து சொன்னார். கருப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய தோல் இவளுக்கு வெளியே, வயிற்றுக்குள் அங்கங்கே முளைத்திருக்கவேண்டும். மாதாமாதம் அதுவும் கசியும். கசிந்த இரத்தம் வெளியே வர வழியில்லை, உள்ளேயே உறைந்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். அதுதான் நோ.

"பிள்ளை இல்லாததுக்கும் அதுதான் காரணம். ரெண்டும் ஒண்டு."

"ரெண்டும் ஒண்டோ?" என்று கத்தரீனா திருப்பிக் கேட்டாள். நோவெடுக்கும் வயிற்றையும் பிள்ளை தங்காத வயிற்றையும் இரண்டு வேறு பெண்களுடையதுபோல இத்தனை காலமும் சுமந்திருந்தாள். சேசு மரியே, இரண்டும் ஒன்றாம்!

கண்ணால் பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டொக்டர். அதற்கு ஒரு கருவி இருந்தது. விரலளவு குழாய், நுனியில் வெளிச்சம். தொப்புளில் சின்னதாக ஒரு துளையிட்டு விட்டால் உள்ளே எல்லாம் தெரியும். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கேட்கக் கேட்கக் கத்தரீனா வாயைத் திறந்தபடி இருந்தாள். ஒரே ஒரு சங்கடம். அந்தக் கருவி இவளைப் போன்றவர்களுக்காக வந்ததல்ல. பிள்ளை போதுமென்ற பெண்களுக்குக் கருக்குழாயைச் சுட்டு அடைப்பதற்காகக் குடும்பத் திட்டக்காரர் கொடுத்தது. வியாழக்கிழமைகளில்தான் பெட்டி திறக்கப்படும்.

"வியாழக்கிழமை வாரும். அவையள் எல்லாரும் முடிஞ்ச பிறகு கடைசியா உம்மைப் பாக்கிறன்."

செய்தி ஊருக்குள் போனது. பிள்ளையில்லாத கத்தரீனா பிள்ளை வேண்டாமென்று ஒப்பரேசன் செய்யப் போகிறாள் என்று போனது. கோயில் வாசலில் இதைக் கேட்டு வந்த லூர்த்தம்மா சன்னதம் கொண்டவள்போல் ஆடினாள். கனிசியஸ் தலைகீழாக நின்று விளங்கப்படுத்தியும் நம்பவில்லை. கடைசியில், "நானும் வாறன். அவையள் எதையும் அடைச்சுப்போட்டு அனுப்பாமல் வாசலிலை இருந்து பாக்கிறன்" என்று செபமாலையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அன்றைக்கு நாலைந்து பிள்ளைக்காரிகளோடு ஒரே நீள மரவாங்கில் கத்தரீனா இருந்தாள். மடியில் பால்குடியோடு இருந்த ஒருத்தி, "உமக்கு எத்தினை?" என்று கேட்டாள். கத்தரீனா பதில் சொல்லுமுன் லூர்த்தம்மா, "அவளுக்கு இனித்தான்" என்று வெடுக்கென்று சொன்னாள்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. கையில் ஓர் ஊசி, தொப்புளில் ஓர் ஊசி. வயிற்றுக்குள் காற்று ஏற்றினார்கள். வயிறு எழும்ப எழும்பத் தோள்மூட்டில் நோகிறதே என்று கத்தரீனா பயந்தாள். காற்று ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று தாதி தலையைத் தடவினாள். பிறகு மேசையின் தலைப்பக்கத்தைக் கீழே பதித்தார்கள். டொக்டர் குனிந்து குழாயில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"கடவுளே" என்றார் டொக்டர் மெல்ல.

கத்தரீனா தலையை நிமிர்த்தப் பார்த்தாள். "என்ன டொக்டர்?"

அந்தக் கருவிக்கு இன்னொரு வால் இருந்தது. வளைகிற நீட்டுக் குழாய், அதன் நுனியிலும் பார்க்கிற கண்ணாடி. டொக்டர் பார்ப்பதைப் படிக்கிற பிள்ளைகளும் பார்ப்பதற்காக வைத்தது. அந்தக் கிழமை மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்திருந்தார்கள், பார்க்க ஆளில்லாமல் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் அதைப் பார்த்தார், கத்தரீனாவைப் பார்த்தார்.

"உம்மடை வயித்தை நீர் பாக்கப்போறீரோ?"

தாதி அதை இழுத்துக் கொண்டுவந்து அவள் கண்ணில் வைத்தாள். முதலில் ஒரே சிவப்புக் கூச்சம். பிறகு கண் பழகியது.

அவள் கடலுக்குள் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் தகப்பனின் வள்ளத்திலிருந்து, காற்றில்லாத நாளில், அடித்தரை தெரியும்வரை பார்த்திருக்கிறாள். இது அப்படி இருந்தது, ஆனால் கடலில் இல்லாத நிறங்கள். எல்லாம் ஈரமாக மினுங்கின. எல்லாம் அசைந்தன. அவள் மூச்சை இழுத்தால் அந்த உலகமே மேலே எழுந்தது, விட்டால் தாழ்ந்தது. குடல் தன் பாட்டில் ஊர்ந்தது. அதை யாரும் ஊரச் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் இறால் கிள்ளி, சண்டை பிடித்து, அழுது, நித்திரை கொண்ட நேரமெல்லாம் இது இப்படியே உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது!

"நடுவிலை தெரியுதே, சின்னக் கொய்யாக்காய் மாதிரி? அதுதான் கருப்பை" என்றார் டொக்டர்.

இளஞ்சிவப்பாக, பளபளவென்று, ஒரு குற்றமும் அறியாததுபோல் அது இருந்தது. ஒன்பது வருடம் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தது இதைத்தானா? "இவ்வளவு வடிவாயிருக்கு" என்றாள் கத்தரீனா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அதன் பின்பக்கத்தில் கறுத்தப் பொட்டுகள் தெளித்துக் கிடந்தன. அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஐஸ் பிந்திய இறாலில் அப்படித்தான் கறுப்பு விழும். டொக்டர் ஒரு மெல்லிய இடுக்கியைக் கொண்டுபோய் அதில் ஒன்றைத் தொட்டார்.

"இதுவோ?"

"ஐயோ! அதுதான்! அதேதான் டொக்டர்!"

நோவில் கத்தினாளா, சந்தோசத்தில் கத்தினாளா, தாதிக்கு விளங்கவில்லை. நடிப்பென்றும் சோம்பலென்றும் உலகத்தில் இல்லாததென்றும் சொன்ன நோ, இந்தா, அரிசியளவு கறுப்பாக, கண்ணுக்கு முன்னால் இருந்தது. டொக்டர் அதைச் சுட்டார். கருக்குழாயைச் சுட்டு அடைக்க வந்த அதே இடுக்கிதான். சின்னதாக ஒரு வெள்ளைப் புகை எழுந்து, கறுப்பு வெளிறியது. ஒரு கிள்ளு கிள்ளியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. கத்தரீனா ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தாள்.

"இனிப் பாரும். கீழாலை நீலத் தண்ணி விடப்போறம். குழாய் திறந்திருந்தால் அதுக்குள்ளாலை வெளியிலை வரும்."

இடப்பக்கக் குழாய் சிலந்திவலைபோன்ற ஒன்றால் குடலோடு ஒட்டி இழுபட்டுக் கிடந்தது, பக்கத்தில் ஒரு கட்டியும். அங்கே ஒன்றும் வரவில்லை. வலப்பக்கக் குழாயின் நுனி, கடற்பாறையில் ஒட்டியிருந்து நீரில் விரியும் கடற்பூவைப்போல் விரிந்திருந்தது. அங்கேயும் ஒன்றும் வரவில்லை. கத்தரீனா மாதாவைக் கூப்பிட நினைத்து வாயைத் திறந்தாள். செபம் வரவில்லை. அப்போது அந்தப் பூவின் நடுவில் ஒரு துளி நீலம் எட்டிப் பார்த்தது. பார்த்து, நின்று, மெல்லப் பெருகி, இதழ்களில் வழிந்து ஓடியது.

"வருது! வருது!" என்று டொக்டர் சின்னப் பிள்ளைபோல் கத்தினார். தாதி கண்ணாடியைத் தன் கண்ணுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன வடிவு!" என்று திருப்பிக் கொடுத்தாள். தலை பதிந்திருந்ததால் கத்தரீனாவின் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றியால் ஓடித் தலைமயிருக்குள் போனது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"வலப்பக்கம் திறந்திருக்கு. இடப்பக்கம் ஒட்டும் கட்டியும். இண்டைக்கு இதுக்குமேலை உம்மாலை தாங்கேலாது. ஆறு மாதத்துக்குக் குளிசை தாறன். பிள்ளை வேண்டாமெண்டவைக்குக் குடுக்கிற குளிசைதான், பயப்பிடாதையும். விடாமல் போட்டால் துடக்கு வராது, உள்ளை எல்லாம் ஆறும். பிறகு திரும்பப் பாத்து, மிச்சத்தை எடுத்துவிடுவம்."

வாசலில் லூர்த்தம்மா எழுந்து வந்தாள். "அடைச்சவையோ?"

"இல்லை மாமி. திறந்திருக்கு. நான் பாத்தனான்."

"உன்ரை வயித்துக்குள்ளை நீயே பாத்தனியோ? மருந்து மயக்கத்திலை புசத்துறாய், வா."

ஆனால் மாதம் பிறந்தது, கத்தரீனா வாடியிலிருந்து எழும்பிப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. "கலண்டர் நிண்டுபோச்சு" என்றாள் மக்டலீன். கத்தரீனா ஈரச் சீமெந்தில் விரலால் கீறிக் காட்டினாள். இது கொய்யாக்காய், இது பூ, இவை கறுப்பு விழுந்த இடங்கள், இதாலை நீலம் வந்தது. கிள்ளிய கைகள் எல்லாம் நின்றன. சம்மாட்டியார் எட்டிப் பார்த்து, "ஐஸ் கரையுது, என்ன படம் கீறிக்கொண்டிருக்கிறியள்?" என்று அதட்டும்வரை நின்றன. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மக்டலீன் அவள் கையைப் பிடித்தாள். எப்போதும் பகிடி விடுகிறவள் மற்றவர்கள் போகும்வரை நின்று மெல்லச் சொன்னாள். "எனக்கும் அப்பிடித்தான் நோகிறது, கத்தரீனா. நான் சொல்லுறேல்லை. எனக்கும் கறுப்பு விழுந்திருக்குமோ?"

ஒருநாள் லூர்த்தம்மா குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாள்.

"அந்த நீலம் எந்தப் பக்கத்தாலை வந்தது?"

"வலப்பக்கம், மாமி."

"அப்ப அந்தப் பக்கம் சரிஞ்சு படாதை. நெரிஞ்சுபோம்."

ஆறு மாதம் முடிந்த ஆடியில் போர்நிறுத்தம் வந்திருந்தது. வீதிகள் திறந்து, கொழும்பிலிருந்து வாகனங்கள் வந்தன. மிச்சத்தை எடுக்கிற அந்த வியாழக்கிழமை கத்தரீனா தனியாகப் போகவில்லை. அன்றைக்கு மக்டலீனுக்கு நோ. தோயாமல், உடுப்பு மாற்றாமல், கிடந்த கோலத்திலேயே அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தவள் லூர்த்தம்மா. கடற்கரைப் பாதையில் வலைக்காரர் முறைத்தபோது, "உங்கடை அம்மாமாருக்கு வராததோ? தூக்கிப் பிடியுங்கோ வலையை!" என்று அதட்டினாள். தூக்கிப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரி முற்றத்தோரத்து வாங்கு வெறுமையாக இருந்தது. முற்றத்தில் ஒரு ஜீப் நின்றது. இரண்டு பேர் அந்தக் கருவியின் மரப்பெட்டியைத் தூக்கி அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் விறாந்தைத் தூணோடு நின்றார். கத்தரீனாவைக் கண்டதும் அவர் பார்வை கீழே போனது.

"கொண்டு போகினம், பிள்ளை. இஞ்சை குழாய் அடைச்ச பொம்பிளையளின்ரை தொகை காணாதாம். நான் பாத்த ஆக்களை அவையள் கணக்கிலை எடுக்கமாட்டினம். மலைநாட்டுத் தோட்டங்களிலை கூடுதலா அடைக்கலாமெண்டு அங்கை அனுப்பினம்."

"என்ரை இடப்பக்கம்?"

"கேட்டுப் பாத்தனான். கேக்காத இடமில்லை." டொக்டர் ஜீப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "கொழும்பிலை செய்யலாம்."

போன ஆடிக்கு முந்திய ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து அடிபட்டு, உடுத்த துணியோடு கப்பலில் வந்து இறங்கிய சனத்தைக் குருநகர் பார்த்திருந்தது. டொக்டர் அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. மக்டலீன் வாங்கில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

லூர்த்தம்மா விடுவிடென்று ஜீப்புக்குப் போனாள். சாரதி இயந்திரத்தை இயக்கிவிட்டிருந்தான், இளம் பெடியன். அவள் கதவில் கையை வைத்தாள்.

"தம்பி, இவளுக்கு இடப்பக்கம் இன்னும் இருக்கு. வாங்கிலை கிடக்கிற அந்தப் பிள்ளையை ஒருக்காலும் பாக்கேல்லை. முடிச்சிட்டுக் கொண்டு போ, ராசா. அரைநாள் வேலைதான்."

அவனுக்குத் தமிழ் தெரியாது. மரியாதையாகத் தலையை ஆட்டிச் சிரித்தான். அவள் கையைக் கதவிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு ஜீப்பைத் திருப்பினான். கத்தரீனா முற்றத்துக்கு நீட்டியிருந்த மக்டலீனின் கால்களை ஒதுக்கிப் பிடித்து வழி விட்டாள்.

ஜீப்பின் பக்கத்தில் பெரிதாக ஒரு படம் கீறியிருந்தது. ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெடியன், ஒரு பெட்டை. கேற்றால் திரும்பி வீதியில் ஏறும்வரை அந்த நாலு பேரும் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.